உடம்பில் கொழுப்பு இல்லாதவர்களுக்கு லெப்டின் ஊசி: வீட்டில் இருப்பவர்களுக்கான முழு வழிகாட்டி

குழந்தைக்கு ஒன்றரை வயது இருக்கும். கையும் காலும் முறுக்கேறி, நரம்பு புடைத்து, சின்னப் பயில்வான் மாதிரி தெரியும். பார்க்க வருகிறவர்கள் முதலில் ரசிப்பார்கள். அப்புறம் கன்னம் ஒட்டிக் கிடப்பதையும் வயிறு முன்னால் தள்ளியிருப்பதையும் கவனித்து, "பால் பத்தலையோ என்னவோ, பருப்பும் நெய்யும் பிசைஞ்சு குடும்மா, சதை பிடிச்சிடும்" என்பார்கள். குழந்தையும் கொடுத்ததையெல்லாம் சாப்பிடும். தட்டைக் கழுவி வைப்பதற்குள் மறுபடி கேட்கும். அந்த நெய்தான் இந்தக் குழந்தைக்குச் சுத்தமாக ஆகாத பொருள் என்று அங்கே யாருக்கும் தோன்றாது.

கொழுப்புத் திசு உடம்பில் சேராமலோ கரைந்தோ போகும் இந்தக் குறைபாட்டுக்கு லிப்போடிஸ்ட்ரோபி என்று பெயர். மிக அரிதானது. பல ஊர்களில் மருத்துவர்களே தங்கள் வாழ்நாளில் ஒரு நோயாளியைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இதற்கென்றே இருக்கும் மருந்து, லெப்டின் என்ற ஹார்மோனைப் போலச் செய்யப்பட்ட மெட்ரெலெப்டின். அந்த மருந்துக்கு எப்படித் தயாராவது, எப்படிக் கலந்து போடுவது, எதில் கவனமாக இருப்பது என்பதை ஒவ்வொரு படியாக இங்கே எழுதுகிறேன். அளவையும் மாற்றத்தையும் உங்கள் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

பத்தாயம் இல்லாத வீடு

அறுவடை முடிந்து நெல் வந்து இறங்குகிறது. வீட்டில் பத்தாயம் இல்லை. மூட்டைகளை எங்கே வைப்பது? திண்ணையில் ஏற்றுவார்கள், நடையில் அடுக்குவார்கள், கடைசியில் அடுப்படியிலும் கொட்டிவிடுவார்கள். நடக்கவும் வழியிருக்காது, சமைக்கவும் முடியாது.

தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புத் திசுதான் நம் உடம்பின் பத்தாயம். அது இல்லாதபோது, சாப்பாட்டில் வந்த கொழுப்பு ரத்தத்திலேயே சுற்றும். ஈரலிலும் தசையிலும் போய்ப் படியும். ஈரல் வீங்கும். கொழுப்பேறிய ஈரலும் தசையும் இன்சுலினின் பேச்சைக் கேட்காது, அதனால் சர்க்கரை ஏறும். சிலருக்கு ரத்தம் எடுத்து வைத்த குழாயில் மேலே வெள்ளையாகப் பால் மாதிரி படலம் கட்டி நிற்கும். அது ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு. லிட்டரில் பத்தில் ஒரு பங்கான டெசிலிட்டருக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டினால் கணையம் அழன்று வீங்கும் (கணைய அழற்சி) அபாயம் உண்டு.

இத்தோடு போவதில்லை. பத்தாயத்தில் எவ்வளவு நெல் மிச்சம் என்று மூளைக்குச் சேதி சொல்வதும் கொழுப்புத் திசுதான். அந்தச் சேதியைக் கொண்டுபோகும் ஹார்மோன் லெப்டின். நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு 1994இல் இதைக் கண்டுபிடித்தது. கொழுப்பு இல்லையென்றால் லெப்டின் இல்லை. லெப்டின் இல்லையென்றால் 'வீட்டில் ஒரு மணி நெல்கூட இல்லை' என்றே மூளை நினைத்துக்கொண்டிருக்கும். ஆகவேதான் அந்தத் தீராப் பசி.

பெற்றோர் இதை மனதில் ஆழமாக வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பசிக்குப் பெயர் பேராசையோ அடமோ இல்லை. அடுப்படிக் கதவைப் பூட்டுவதும், "எவ்வளவு தின்னாலும் அடங்காதா உனக்கு" என்று திட்டுவதும் பல வீடுகளில் நடக்கிறது. அந்தக் குழந்தைக்கு உண்மையிலேயே பசிக்கிறது.

படி 1: எந்த வகை என்று உறுதி செய்யுங்கள்

எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் இந்த ஊசி பொருந்துமா என்பது தெரியும்.

பிறவியிலேயே உடம்பு முழுக்கக் கொழுப்பு இல்லாத வகைக்கு பெரார்டினெல்லி–செய்ப் நோய் என்று பெயர். 1954இல் பிரேசிலில் பெரார்டினெல்லியும் 1959இல் நார்வேயில் செய்ப்பும் இதை எழுதிவைத்தார்கள். ஏஜிபிஏடி2, பிஎஸ்சிஎல்2 ஆகிய மரபணுக்களில் வரும் பழுதுதான் பெரும்பாலும் காரணம். அப்பா அம்மா இருவரும் பழுதான ஒரு பிரதியை அறியாமலே சுமந்துகொண்டிருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. வடகிழக்கு பிரேசிலின் ரியோ கிராண்டே டோ நோர்டே மாநிலத்தில் இது அதிகம் தென்படுவதற்கு உறவுக்குள் கல்யாணம் ஒரு காரணம். மாமன் மகள், அத்தை மகன் உறவில் கல்யாணம் செய்யும் நம் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அடுத்த பிள்ளைக்குத் திட்டமிடும் முன் மரபணு ஆலோசனை கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வகை, நன்றாக இருந்தவர்களுக்கு இடையில் கொழுப்பு கரைந்துபோவது. லாரன்ஸ் நோய் என்பார்கள். பலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கொழுப்புத் திசுவைத் தாக்குவதால் வருகிறது.

மூன்றாவது, பகுதி இழப்பு. வயதுக்கு வரும்வரை சாதாரணமாக இருந்த பெண்ணுக்கு, அதன்பின் கை கால் இடுப்பில் கொழுப்பு வற்றி, முகமும் கழுத்தும் மட்டும் உருண்டு திரளும். டன்னிகன் வகை என்று பெயர், எல்எம்என்ஏ மரபணுவால் வருவது. மாதவிலக்குக் கோளாறு, சினைப்பை நீர்க்கட்டி என்று வருடக்கணக்காக வேறு வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆள் ஒல்லி, ஆனால் கழுத்தும் அக்குளும் கறுத்து வெல்வெட் போல் தடித்திருக்கிறது, ஈரலில் கொழுப்பு, ட்ரைகிளிசரைடு எக்கச்சக்கம், சர்க்கரைக்கு நாளொன்றுக்கு 200 யூனிட்டுக்கு மேல் இன்சுலின் போட்டும் அடங்கவில்லை என்றால், "இது லிப்போடிஸ்ட்ரோபியாக இருக்குமா டாக்டர்?" என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். லெப்டின் அளவு குறைவாக இருப்பது சந்தேகத்துக்கு வலுச் சேர்க்கும். ஆனால் அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து நோயை முடிவு செய்ய முடியாது. உடலைத் தொட்டுப் பார்த்துச் செய்யும் பரிசோதனையும், மரபணுச் சோதனையும் சேர்ந்தால்தான் தெளிவு கிடைக்கும்.

படி 2: ஊசிக்கு முன்னால் சாப்பாடு

மெட்ரெலெப்டினை உணவுக் கட்டுப்பாட்டோடு சேர்த்துத் தருவதற்குத்தான் அனுமதித்திருக்கிறார்கள். சாப்பாட்டை விட்டுவிட்டு ஊசியை மட்டும் நம்ப முடியாது.

குழந்தையைக் குண்டாக்க முயலாதீர்கள். சதை பிடிக்க இடமே இல்லாத உடம்பில் கூடுதலாகப் போடும் ஒவ்வொரு கரண்டி நெய்யும் ஈரலுக்குத்தான் போகும். வளர்ச்சிக்குத் தேவையான அளவு சாப்பாடு, அதில் கொழுப்பு குறைவு, இனிப்பும் சர்க்கரைப் பானமும் மிகக் குறைவு. பருப்பு, பயறு, முட்டையின் வெள்ளைக்கரு, ஆடை எடுத்த பால், மோர், கீரை, கேழ்வரகு, கம்பு என்று நம் அடுப்படியிலேயே நிறைய இருக்கிறது. சோற்றைக் குறைத்துக் காயையும் பருப்பையும் கூட்டினால் பசியும் கொஞ்சம் தள்ளிப்போகும். பொரித்தது வேண்டாம்.

கைக்குழந்தைகளுக்கு நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு கொண்ட தனிப் பால்மாவு தருவார்கள். "தேங்காய் எண்ணெயிலும் அதேதானே இருக்கு" என்று யாராவது சொல்லக்கூடும். வீட்டுத் தேங்காய் எண்ணெய் அதற்கு ஈடாகாது. அதில் பெரும்பங்கு லாரிக் அமிலம், உடம்பு அதை வேறு விதமாகக் கையாளும்.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், தேவைப்பட்டால் இன்சுலின், ட்ரைகிளிசரைடுக்கு ஃபைப்ரேட் அல்லது மீன் எண்ணெய் வகை மருந்துகள் எல்லாம் இதற்கு முன்பே தொடங்கியிருக்கும். அவை தொடரும்.

படி 3: இந்த ஊசி யாருக்கு

ஜப்பான் 2013இல் இதற்கு அனுமதி கொடுத்தது. அமெரிக்கா 2014 பிப்ரவரியில், உடம்பு முழுக்கக் கொழுப்பு இல்லாத வகைகளுக்கு மட்டும் அனுமதித்தது. ஐரோப்பா 2018இல் அனுமதித்தபோது, முழு இழப்புக்கு 2 வயதிலிருந்தும், மற்ற மருந்துகள் கைகொடுக்காத பகுதி இழப்புக்கு 12 வயதிலிருந்தும் தரலாம் என்றது. அமெரிக்காவில் மயலெப்ட், ஐரோப்பாவில் மயலெப்டா என்று விற்கிறார்கள்.

எச்ஐவி மருந்துகளால் வரும் கொழுப்பு மாற்றத்துக்கு இது இல்லை. உடல் பருமனுக்கும் இல்லை. லெப்டினைக் கண்டுபிடித்தபோது பருமனுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்றுதான் உலகமே துள்ளியது. ஆனால் பருமனானவர்களின் ரத்தத்தில் ஏற்கெனவே லெப்டின் நிறைய இருக்கிறது, உடம்புதான் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. அங்கே தோற்ற மருந்து, லெப்டினே இல்லாதவர்களிடம் வேலை செய்தது. 2002இல் வெளியான ஆய்வில் ஒன்பது பெண் நோயாளிகளுக்கு நான்கு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். ட்ரைகிளிசரைடு சராசரியாக 60 சதவீதம் இறங்கியது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 1.9 புள்ளி குறைந்தது. வேறு மருந்துகளால் அசைக்க முடியாத எண்கள் அவை.

படி 4: தொடங்கும் முன்

எச்பிஏ1சி, பட்டினி ட்ரைகிளிசரைடு, ஈரல் சோதனையும் ஸ்கேனும், சிறுநீரில் புரதம், இசிஜி, எக்கோ, கண் பரிசோதனை. இந்த எண்களையெல்லாம் ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒப்பிட வேறு ஆதாரம் இருக்காது. இடையில் வந்த வகை என்றால் நிணநீர்க் கட்டிகள் இருக்கின்றனவா என்றும், ரத்த அணுக்களில் கோளாறு உண்டா என்றும் பார்த்தே ஆக வேண்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

படி 5: அளவு

40 கிலோ வரை எடை உள்ளவர்களுக்கு ஒரு கிலோவுக்கு 0.06 மி.கி. என்று தொடங்கி, தேவைக்கேற்ப கிலோவுக்கு 0.02 மி.கி. வீதம் கூட்டியோ குறைத்தோ, கிலோவுக்கு 0.13 மி.கி. வரை போவார்கள். 40 கிலோவுக்கு மேல் ஆண்களுக்கு 2.5 மி.கி., பெண்களுக்கு 5 மி.கி. தொடக்கம். உச்சம் 10 மி.கி. தினம் ஒரு வேளை. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பது முக்கியமில்லை, தினமும் ஒரே நேரமாக இருந்தால் சரி.

படி 6: கலக்குவதும் போடுவதும்

முதல் சில தடவை செவிலியர் முன்னால் நீங்களே செய்து பழகுங்கள். பார்த்துக் கற்றுக்கொண்டால் போதாது.

மருந்து வெள்ளைப் பொடியாகச் சின்னக் குப்பியில் வரும். குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள், வெளிச்சம் படாமல், அதன் அட்டைப் பெட்டியிலேயே வைத்திருங்கள். உறையவிடக் கூடாது. போடுவதற்குப் பத்து நிமிடம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, குப்பியின் ரப்பர் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் துடையுங்கள்.

11.3 மி.கி. குப்பி என்றால் 2.2 மி.லி. நீர் சேர்க்க வேண்டும். நீரைப் பொடியின் தலையில் பீய்ச்சாமல், குப்பியின் உள்சுவரோடு மெதுவாக வழியவிடுங்கள். அப்புறம் குலுக்காதீர்கள். இது புரதம், குலுக்கினால் நுரைத்துக் கெட்டுவிடும். குப்பியை விரல்களுக்கு இடையில் பிடித்து, டம்ளரில் காப்பி ஆறச் சுழற்றுவதுபோல வட்டமாக அசைத்தால் போதும். ஐந்து நிமிடத்துக்குள் கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும். நிறமோ கட்டியோ மிதக்கும் துகளோ தெரிந்தால் போடாதீர்கள்.

இப்படிக் கலந்ததில் ஒரு மி.லி.க்கு 5 மி.கி. மருந்து இருக்கும். 20 கிலோ குழந்தைக்கு 1.2 மி.கி. என்றால் 0.24 மி.லி. எடுக்க வேண்டும். நம் ஊரில் தப்பு நடக்க வாய்ப்புள்ள இடம் இதுதான். இவ்வளவு சிறிய அளவை இன்சுலின் சிரிஞ்சில்தான் எடுப்பார்கள். மருந்துக்கடையில் இரண்டு வகை சிரிஞ்சு கிடைக்கும்: சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் வகை, ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் வகை. 100 யூனிட் சிரிஞ்சில் 0.24 மி.லி. என்பது 24ஆவது கோடு. அதே 24ஆவது கோடு வரை 40 யூனிட் சிரிஞ்சில் எடுத்தால் 0.6 மி.லி. வந்துவிடும், இரண்டரை மடங்கு மருந்து. ஆகவே மருத்துவரிடம் மி.கி., மி.லி., எந்த சிரிஞ்சில் எந்தக் கோடு என்று மூன்றையும் எழுதி வாங்குங்கள். அந்தச் சீட்டைக் குளிர்பெட்டிக் கதவிலேயே ஒட்டிவையுங்கள். பாட்டியோ சித்தியோ போட நேர்ந்தாலும் தடுமாற்றம் இருக்காது.

கலக்கும் நீரிலும் இரண்டு வகை உண்டு. கிருமித் தடுப்பு சேர்த்த நீரில் கலந்தால் குளிர்பெட்டியில் வைத்து மூன்று நாள் வரை பயன்படுத்தலாம். குப்பியின் மேல் கலந்த தேதியை எழுதுங்கள். வெறும் ஊசி நீரில் கலந்தால் உடனே போட்டுவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். கைக்குழந்தைகளுக்குக் கிருமித் தடுப்பு சேர்த்த நீர் கூடவே கூடாது, அதில் இருக்கும் பென்சைல் ஆல்கஹால் அவர்களுக்கு ஆகாது.

வயிறு, தொடை, மேற்கை ஆகிய இடங்களில் தோலுக்கு அடியில் போடலாம். தினம் இடத்தை மாற்றுங்கள். மற்றவர்களுக்கு எளிதான இந்த வேலை இவர்களுக்குக் கடினம், ஏனென்றால் தோலுக்கு அடியில் நேராகத் தசைதான் இருக்கிறது. ஊசி தசையில் இறங்கிவிடக் கூடாது. குட்டை ஊசியாக வாங்கி, தோலை மெல்ல மடித்துத் தூக்கிப் பிடித்து, எந்தக் கோணத்தில் இறக்குவது என்பதைச் செவிலியரிடம் உங்கள் குழந்தையின் உடம்பிலேயே காட்டச் சொல்லுங்கள். ஒரு மி.லி.க்கு மேல் போட வேண்டியிருந்தால் இரண்டு ஊசியாகப் பிரிக்கலாம். இன்சுலினும் போடுகிறவர்கள் இரண்டையும் ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது, ஒரே புள்ளியிலும் குத்தக் கூடாது.

படி 7: முதல் இரண்டு வாரம்

லெப்டின் வேலை செய்யத் தொடங்கியதும் இன்சுலின் தேவை சடாரென்று குறையும். சிலருக்கு முதல் இரண்டு வாரத்திலேயே பாதி அளவாகக் குறைக்க வேண்டிவரும். பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். விரலில் குத்திப் பார்ப்பதை அடிக்கடி செய்யுங்கள், இரவிலும் ஒரு தடவை. வியர்வை, நடுக்கம், குழறிய பேச்சு, எழுப்ப முடியாத தூக்கம் தெரிந்தால், விழித்திருப்பவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். யார் எண்ணைக் கூப்பிட்டு இன்சுலினை மாற்றுவது என்பதை முதல் ஊசிக்கு முன்பே பேசி வையுங்கள்.

இந்த நாட்களில்தான் பசியும் தணியத் தொடங்கும். ஊட்டியதை ஒரு குழந்தை முதல் தடவையாக "போதும்மா" என்று தள்ளும்போது அம்மாவுக்குப் பயம் வரும், உடம்புக்கு முடியவில்லையோ என்று. பெரும்பாலும் அது மருந்து பேசுவதுதான். எடை கொஞ்சம் குறையலாம். தலைவலியும் வயிற்று வலியும் சிலருக்கு வரும். ஆனால் மேல்வயிற்றில் கடுமையாக வலித்து முதுகுவரை பாய்ந்து வாந்தியும் வந்தால் அது கணையமாக இருக்கலாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

படி 8: மாதங்கள் போகப்போக

ட்ரைகிளிசரைடும் சர்க்கரையும் இறங்கும், ஈரலின் வீக்கம் குறையும். கன்னம் நிரம்பாது, நரம்புகள் மறையாது. லெப்டின் சேதியை மட்டும்தான் கொடுக்கும், பத்தாயத்தைக் கட்டித் தராது. இதைப் பெரிய பிள்ளைகளிடம் தொடக்கத்திலேயே நேராகச் சொல்லிவிடுங்கள். முகம் மாறும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்துவிட்டு, 'இந்த ஊசி எதற்கு' என்று வெறுத்துப்போகிற வயது அது.

பெரிய அபாயங்கள் இரண்டு. முதலாவது, உடம்பு இந்த மருந்துக்கு எதிராகவே எதிர்ப்புப் பொருளை உண்டாக்குவது. பெரும்பாலானவர்களுக்கு அது உண்டாகும், பலருக்கு ஒரு கெடுதலும் இருக்காது. சிலருக்கு மட்டும் அது லெப்டினின் வேலையையே முடக்கிவிடும். நன்றாக இறங்கியிருந்த எண்கள் காரணமில்லாமல் ஏறினாலோ, கடுமையான தொற்று வந்தாலோ அதைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டாவது, ரத்த வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்லில் வரும் நிணநீர்ப் புற்றுநோய். இடையில் வந்த முழு இழப்பு வகையினரிடம் இது காணப்பட்டிருக்கிறது. மருந்தே போடாத நோயாளிகளுக்கும் வந்திருப்பதால், மருந்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வலியில்லாத கட்டி தென்பட்டால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

படி 9: பெண்களுக்கு

வருடக்கணக்காக நின்றிருந்த மாதவிலக்கு இந்த ஊசியால் திரும்பலாம். அதோடு கருத்தரிக்கும் திறனும் திரும்பும். 'எனக்குத்தான் பிள்ளையே ஆகாதே' என்று நினைத்திருந்தவர்கள் எதிர்பாராமல் கர்ப்பமாகலாம். கர்ப்பம் வேண்டாம் என்றால் முதல் மாதத்திலிருந்தே தடுப்பு முறை தேவை. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை ட்ரைகிளிசரைடை ஏற்றிவிடும், அதனால் காப்பர்-டி போன்ற முறைகளைக் கேளுங்கள். கல்யாணமாகாத பெண்ணிடம் இதைப் பேச நம் வீடுகளில் தயங்குவார்கள். அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மருத்துவரோ செவிலியரோ பேசுவது நல்லது. பாலூட்டும்போது இந்த ஊசி வேண்டாம்.

படி 10: திடீரென்று நிறுத்தாதீர்கள்

ஒரு நாள் மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடுங்கள், மறுநாள் வழக்கமான நேரத்துக்குத் திரும்புங்கள். இரட்டை அளவு வேண்டாம். நிறுத்தியே ஆக வேண்டும் என்றால், கணைய அழற்சி வர வாய்ப்புள்ளவர்களுக்கு ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து, அந்த நாட்களில் கொழுப்பை இன்னும் கறாராகக் குறைத்து, ட்ரைகிளிசரைடைக் கண்காணிப்பார்கள். சட்டென்று விட்டால் அது பாய்ந்து ஏறிக் கணையத்தைத் தாக்கும். ஊருக்குப் போவதால், திருவிழாவால், காய்ச்சலால் ஊசியை விட்டுவிடக் கூடாது. பயணத்துக்கு ஐஸ் பை வைத்த பெட்டியில், மருந்து நேராக ஐஸ்மேல் படாமல் துணி சுற்றி எடுத்துப் போங்கள்.

படி 11: மருந்து கைக்கு வருவது

விலை மிக மிக அதிகம், எல்லாக் கடையிலும் கிடைக்காது. அமெரிக்காவில் தனிக் கண்காணிப்புத் திட்டத்தில் பதிவு செய்த மருத்துவர் வழியாகத்தான் தருகிறார்கள். பிரிட்டனில் இருக்கும் தமிழர்கள், கேம்பிரிட்ஜ் அடன்புரூக்ஸ் மருத்துவமனையில் கடுமையான இன்சுலின் எதிர்ப்புக்கென்று இயங்கும் தேசியப் பிரிவுக்கு அனுப்பும்படி தங்கள் குடும்ப மருத்துவரைக் கேட்கலாம். 2021 முதல் அங்கே அரசு மருத்துவச் சேவை வழியாக இந்த மருந்து கிடைக்கிறது. இந்தியாவில், வெளிநாட்டு மருந்தைச் சொந்த உபயோகத்துக்கு வரவழைக்க மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் 12ஏ படிவத்தில் விண்ணப்பித்து 12பி அனுமதி பெறும் வழி இருக்கிறது. மருத்துவரின் சீட்டும் நோய் விவரமும் கூட வேண்டும். மரபணு அறிக்கை, பழைய ரத்தப் பரிசோதனைகள், ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் தேதி வாரியாக அடுக்கி இரண்டு நகல் வைத்திருங்கள். கையில் இருக்கும் குப்பிகள் ஒரு மாத அளவுக்குக் குறைவதற்கு முன்பே அடுத்ததற்கு எழுதிவிடுங்கள்.